சட்டை உரிக்கும் வரை

சுரேஷ்குமார் 407ஆம் ஃபிளாட்டுக்கு ஏசி சர்வீஸ் பண்ணப் போனபோது ஜனவரி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கல்ஃபில், அல் குசைஸ் பகுதியில் ஆறு மாடிக் கட்டடம் அது. குடியிருந்தவர்கள் முந்தின வாரமே காலி செய்துகொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். கரண்ட் கனெக்‌ஷனும் துண்டித்தாயிற்று. வாட்ச்மேன் அஹ்சன் பாய் கதவைத் திறந்துவிட்டு, சாமான் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனார். சின்னப் படுக்கையறைக்குள் நுழைந்தவர் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"சாம்ப்! பாயி, சாம்ப் ஹை!"

சுரேஷ் ஏணியிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தான். சுவரலமாரியின் கீழ்த்தட்டில் மீன்தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே வலைமூடி போட்டு நான்கு பக்கமும் கிளிப் மாட்டியிருந்தது. உள்ளே மரத்தூள், கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கிண்ணம், காய்ந்துபோன தண்ணீர்த் தட்டு. கிண்ணத்தை ஒட்டி ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. குட்டி. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். நீட்டிப் போட்டால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும். செம்மண் நிறத்தில் பட்டை பட்டையாக இருந்திருக்க வேண்டும். இப்போது மேலே சாம்பலைப் பூசினது போல மங்கிக் கிடந்தது. இரண்டு கண்ணும் வெளுத்துப்போய், பால் கலந்த நீலமாக இருந்தன.

அஹ்சன் பாய் மாப்புக் கட்டையோடு திரும்பி வந்தார். "ஹட்டோ பாயி. ஏக் மார், கலாஸ்." ஒரே அடியில் முடித்துவிடுகிறேன் என்று கட்டையை ஓங்கினார்.

"ருக்கோ, ருக்கோ," என்று சுரேஷ் குறுக்கே கையை நீட்டினான்.

ஊரில் வயல் வரப்பில் பாம்பு தட்டுப்பட்டால் மண்வெட்டியைத் தேடுகிறவன்தான் அவனும். இதை அடிக்க விடாமல் ஏன் தடுத்தான் என்று அஹ்சன் பாய் கேட்டார். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, சின்னதாக இருந்தது, கண் தெரியாமல் இருந்தது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். "நான் பார்த்துக்கறேன்," என்று அரைகுறை ஹிந்தியில் சொல்லிவிட்டு, பெட்டியோடு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான்.

மாடியில் லிஃப்ட் மெஷின் ரூமுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு சின்ன ரூம் உண்டு. மெயின்டனன்ஸ் கம்பெனி அவனை மூன்று கட்டடங்களுக்குச் சேர்த்துப் போட்டிருந்தது. டூல்ஸ், கேஸ் சிலிண்டர், கழற்றிப்போட்ட மோட்டார் எல்லாம் அந்த ரூமில்தான். படுக்கை கம்பெனியின் லேபர் கேம்ப்பில். பகல் முழுக்க இங்கே.

கீழே குரோசரியில் பால் பாக்கெட் வாங்கி வந்து, ஒரு மூடியில் ஊற்றி உள்ளே வைத்தான். குட்டி அசையவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு ஹீட்டிங் மேட் ஒட்டியிருந்தது. அதன் பிளக்கை மாட்டினான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் கை வைத்தால் சுட்டது. ஏசி வேலைக்கு வைத்திருக்கும் டெம்பரேச்சர் கன்னை நீட்டிப் பார்த்தான்: நாற்பத்தொன்று. பிளக்கைப் பிடுங்கினான். சாயங்காலம் பார்த்தால் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. மூடியில் இருந்த பால் திரிந்துபோயிருந்தது.

மறுநாள் மதிய பிரேக்கில் பக்கத்துத் தெருவில் இருந்த மிருக வைத்தியசாலைக்குப் போனான். ரிசப்ஷனில் தக்ஷாயினி என்று பெயர் அட்டை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அவன் ஹிந்தியில் தடுமாறுவதைப் பார்த்ததும், "தமிழிலயே சொல்லுங்கோ அண்ணா," என்றாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான்.

"கண் நீலமா வந்திட்டுது. சட்டை கழட்டப் போகுது. நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ."

"கண்ணு போயிடுச்சோன்னு நெனச்சேன்."

"இப்ப வடிவாத் தெரியாது. பழைய தோல் கண்ணுக்கு மேலயும் கிடக்குதெல்லோ. அதுதான் பயந்துபோய் ஒளிஞ்சு கிடக்கும். தொடாதேங்கோ. என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"பால் வச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. "பாம்பு பால் குடிக்காது அண்ணா. இது எலிக்குஞ்சு தின்னுற சாதி. விஷம் இல்லை. ஆனா இப்ப ஒண்டும் குடுக்கக் கூடாது. சட்டை கழட்டுற நேரத்தில குடுத்தா அநேகமாத் தின்னாது. திண்டாலும் செமிக்காமக் கக்கிப் போடும். இவ்வளவு சின்னனுக்கு ஒருக்காக் கக்கினாலே பெரிய பாடு."

ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தாள். பெட்டியின் ஒரு பக்கம் இருபத்தொன்பது முப்பது டிகிரி, மறு பக்கம் இருபத்து நாலு. சூடு வேண்டும்போது அங்கே போகும், வேண்டாதபோது இங்கே வரும். முப்பத்திரண்டைத் தாண்டவே கூடாது. ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரப் பாசியை நிரப்பி உள்ளே வைக்க வேண்டும். காற்று காய்ந்தால் தோல் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வரும், வால் நுனியை இறுக்கிவிடும். பாசியை அவளே ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"இன்னொண்டு அண்ணா. பேப்பர் இல்லாம நீங்கள் இதை வச்சிருக்க ஏலாது. நான் டொக்டரிட்டக் கதைக்கிறன். அனுமதி இருக்கிற ஆக்களிட்டக் குடுக்கலாம். ஆனா இப்ப அசைக்க வேண்டாம். சட்டை கழட்டி ஒருக்காச் சாப்பிடும் மட்டும் வச்சிருங்கோ. பத்து நாள் வரும்."

அன்று சாயங்காலம், ஹோட்டல் ஒன்றில் தூக்கிப்போட்ட கூல்டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜிலிருந்து கழற்றி வைத்திருந்த டெம்பரேச்சர் கன்ட்ரோலரைத் தேடி எடுத்தான். சின்ன டப்பா, சிவப்பு எண் எரியும், ஒயர் நுனியில் சென்சார். கூலிங்கில் இருந்த செட்டிங்கை ஹீட்டிங்குக்கு மாற்றினான். பதினோரு வருஷமாக கல்ஃபில் ஏசி வேலை பார்க்கிறான். ஒரு மெஷினை அந்தப் பக்கம் திருப்பினது அதுதான் முதல் தடவை. சென்சாரை மேட்டின் மேல் ஒட்டி, இருபத்தொன்பதரையில் வைத்தான். சூடு ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. ஒரு மணி நேரம் பெட்டிக்கு முன்னால் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அஹ்சன் பாய் வந்து எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கண்ணாடிப் பெட்டியும் சூடும் அவனுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டன என்பதற்குக் காரணம் ஊரில் இருந்தது.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். மனைவி சரசு, அம்மா, அண்ணன் குடும்பம் எல்லாரும் அங்கே. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய கரு போன ஆகஸ்டில் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆயிரத்து நூற்றிருபது கிராம். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அண்ணன் எப்படியோ எடுத்து அனுப்பிய நான்கு படங்களில்தான் சுரேஷ் தன் மகளைப் பார்த்தான். தினமும் போன் பண்ணி, "நல்லா இருக்கில்ல?" என்று கேட்பான். "இருக்கு," என்பாள் சரசு. மாற்று ஆள் வரட்டும் என்று ஃபோர்மேன் சொல்லிக்கொண்டே இருந்தார். இவனும் சண்டை போடவில்லை. இருபதாவது நாளுக்கு டிக்கெட் போட்டார்கள். பத்தொன்பதாவது நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

அண்ணன்தான் போனில் பேசினார். "மதியத்துக்குள்ள எடுத்துட்டோம்டா. நீ வந்து என்ன பண்ணப் போறே, எல்லாம் முடிஞ்சிருச்சு." லீவை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார் ஃபோர்மேன். சுரேஷ் இரண்டு பேருக்கும் சரி என்றான். டிக்கெட் கேன்சல் ஆனது.

அதற்குப் பிறகு ஐந்து மாதமாக அவனும் சரசும் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. "சாப்பிட்டியா?" "ம்." "அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?" "ம்." வீடியோ கால் போட்டால் அவள் போனை அரிசி டின்மேல் படுக்க வைத்துவிடுவாள். அவனுக்குத் தெரிவதெல்லாம் ஓட்டுச் சரிவும் சுற்றுகிற ஃபேனும்தான்.

இதில் பாம்பு வேறு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் புது ரூமுக்குக் கடகால் தோண்டும்போது அண்ணன் ஒரு சாரைப்பாம்பை அடித்திருந்தார். குழந்தை இறந்ததும் அம்மா அதைச் சொல்லித்தான் அழுதாள். நாக தோஷம், பிள்ளை தங்காது என்று ஜோசியரும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரசுவைப் புற்றுக்குப் பால் ஊற்ற அனுப்பினார்கள். அதனால் பெட்டிக்குள் இருக்கும் குட்டியைப் பற்றி அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று சுரேஷ் முடிவு பண்ணியிருந்தான்.

அந்த முடிவு மூன்று நாள்தான் நின்றது. நான்காம் நாள் டியூட்டி முடிந்து, மாடி ரூமில் உட்கார்ந்து வழக்கம்போல ஃபேனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று கன்ட்ரோலர் கீச் கீச்சென்று அலறியது. சென்சார் ஒயர் கழன்றிருந்தது. போனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடி, ஒயரைச் செருகி, சூடு ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான். போனில் ஃபேன் இல்லை. சரசுவின் முகம் இருந்தது. மெலிந்திருந்தாள். காதில் கம்மல் இல்லை.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. ஒரு கன்ட்ரோலரு..."

"பெட்டிக்குள்ள என்னன்னு கேட்டேன்."

அவன் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கிட்டக் காட்டுங்க."

"வேணாம் சரசு. பயந்துக்குவே."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

அவன் போனைக் கண்ணாடி அருகே கொண்டுபோனான். குட்டி பாசி டப்பாவிலிருந்து தலையை மட்டும் வெளியே வைத்திருந்தது.

"கண்ணு ஏன் அப்படி இருக்கு?"

"சட்டை உரிக்கப் போவுதாம். இப்ப கண்ணு தெரியாது."

"எப்ப சாப்பிட்டுச்சு?"

"யாருக்குத் தெரியும்? விட்டுட்டுப் போனவங்க எப்பக் குடுத்தாங்களோ. இப்பக் குடுக்கக் கூடாதாம். கக்கிடுமாம்."

"பாலாவது வைக்கலாம்ல?"

"பாம்பு பால் குடிக்காதாம் சரசு. ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

அவளுக்குப் பின்னால் ஊர்க் கோயில் ஸ்பீக்கர் லேசாகக் கேட்டது.

"அப்ப நான் அஞ்சு மாசமா புத்துல ஊத்துனது?"

அவள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் போனை வைக்கவில்லை.

அடுத்த நாள் அவளாகவே கூப்பிட்டாள். ஐந்து மாதத்தில் அது முதல் தடவை. "கண்ணு தெளிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். தண்ணித் தட்டை மாத்துனீங்களா, பாசி காஞ்சிருக்கான்னு தொட்டுப் பாருங்க, கையக் கழுவிட்டுத் தொடுங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுரேஷ் காலையில் வந்ததும் சிவப்பு எண்ணைப் படம் பிடித்து அனுப்பினான். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "29.4." "29.6." பதிலுக்கு அவள் "சரி" என்று அனுப்புவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் ஏணி மேல் நின்றுகொண்டே போனை எடுத்துப் பார்த்தான்.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து குட்டியைச் சரியாகக் காட்டப் போனான்.

"அடிக்கடி தொறக்காதீங்க," என்று அவள் அதட்டினாள். "உள்ள இருக்கிற சூடு போயிடும். திரும்ப ஏற எவ்வளவு நேரமாவும் தெரியுமா?"

"உனக்கெப்படித் தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அவனும் அதை அத்தோடு விட்டுவிட்டான். சரசு திரும்பி வந்துகொண்டிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் இருந்தான். கேம்ப்பில் கூட, "என்னடா, வீட்ல நல்ல சேதியா?" என்று பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான்.

ஏழாம் நாள் கண் தெளிந்தது. நீலம் போய், கருகருவென்று இரண்டு மணி மாதிரி இருந்தன. மூன்று நாலு நாளில் உரித்துவிடும் என்று தக்ஷாயினி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. இருந்தும் காலையிலேயே கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து மாடிக்கு வந்துவிட்டான். கதவைத் திறந்ததுமே தெரிந்தது. குட்டி ஓரிடத்தில் நிற்கவில்லை. டப்பாவின் விளிம்பில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உதட்டு ஓரத்தில் தோல் வெள்ளையாகப் பிரிந்து நின்றது. உடனே சரசுவைக் கூப்பிட்டான். பெட்டிக்கு எதிரே சிலிண்டரில் போனைச் சாய்த்து வைத்தான்.

அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு காரியத்தைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அபூர்வம். அவன் வருஷத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவன். அந்த ஒரு மாதமும் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்று போய்விடும். இன்று எங்கேயும் போக வேண்டியதில்லை. குட்டி தலையைத் தேய்த்தது. தோல் மூக்கிலிருந்து பின்னால் மடங்கியது. கண்ணை மூடியிருந்த வட்டங்களும் அதோடு சேர்ந்து கழன்றன. பிறகு அது பாசிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கால் சட்டையைத் திருப்பிக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர, தோல் பின்னாலேயே தங்கியது. புது உடம்பு நனைந்த செங்கல் நிறத்தில் பளபளத்தது.

வால் கிட்டே வந்ததும் நின்றுவிட்டது. நுனியில் தோல் சுருண்டு இறுகிக் கிடந்தது. குட்டி இழுத்தது. வரவில்லை. மறுபடி இழுத்தது.

"ஈரத் துணியால லேசா இழுத்துவிடட்டுமா?"

"கை வைக்காதீங்க. அதுவா வரட்டும்."

பத்து நிமிஷம் இருக்கும். குட்டி பாசிக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றியது. தோல் முழுசாகக் கழன்று, ஊதினால் பறக்கிற மாதிரி அங்கேயே கிடந்தது. ஒரு கிழிசல் இல்லை.

சுரேஷ் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பாத்தியா சரசு! முழுசா வந்துருச்சு. சூட்டைக் கரெக்டா வச்சேன் பாரு, அதனாலதான். ஒரு நாள் கூட முப்பதத் தாண்ட விடல. இருபத்தொம்பதுக்குக் கீழ இறங்க விடல. எல்லாம் எழுதி வச்சிருக்கேன், காட்டட்டுமா?"

"முப்பத்தாறு புள்ளி ரெண்டு," என்றாள் சரசு.

"என்னது?"

"பாப்பாவுக்கு. கடைசி நாளு விடியக்காலையில. சிஸ்டர் எழுதுறப்ப எட்டிப் பாத்தேன். அதுக்கு முந்தின நாளு முப்பத்தாறு நாலு. அதுக்கு முந்தி அஞ்சு. பால் முதல்ல ஒரு மில்லி, அப்பறம் ரெண்டு. டியூப்ல. ஒம்பதாம் நாளு நாலு மில்லி குடுத்தாங்க, கக்கிட்டா. மறுபடி ரெண்டு ஆக்கிட்டாங்க."

அவள் சத்தம் போடவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"இந்தப் பாம்புக்கு ஒரு நாளைக்கு மூணு தடவ எனக்குப் படம் அனுப்புறீங்க. எம்புள்ளைக்கு என்ன சூடு இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? நல்லா இருக்கில்ல, நல்லா இருக்கில்லன்னு கேட்டீங்க. இருக்குன்னு சொல்லணும்னு கேட்டீங்க. நானும் சொன்னேன்."

"பயமா இருந்துச்சு சரசு. கேட்டா நீ வேற ஏதாவது சொல்லிடுவியோன்னு..."

"எனக்குப் பயமா இல்லியா?"

கீழே தெருவில் ஏதோ லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அவன் போனைக் கையில் எடுத்தான். எடுத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அவளப் பாக்கத்தான் வர முடியல. சரி. லீவு குடுக்கல, ஆளு வரல, எல்லாம் சரி. எனக்காகவாவது வந்திருக்கலாம்ல? டிக்கெட்டு கையில இருந்துச்சு. மாரு கட்டிக்கிட்டு, பால் பீய்ச்சி சாக்கடையில ஊத்திக்கிட்டு நான் ஒருத்தி இங்க உக்காந்திருந்தேன். வந்து என்ன பண்ணப் போறேன்னு அவுங்க சொன்னாங்களாம், நீங்க கேன்சல் பண்ணிட்டீங்களாம்."

அவன் வாயைத் திறக்குமுன் அவள் போனை வைத்துவிட்டாள்.

சுரேஷ் அன்று முழுக்க அந்த ரூமிலேயே இருந்தான். திரும்பக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. சாப்பிடப் போகவில்லை. அஹ்சன் பாய் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, தக்ஷாயினி கொடுத்திருந்த உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு இளக்கி, துடைத்து, இடுக்கியால் பிடித்துக் காட்டினான். குட்டி நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு சட்டென்று பாய்ந்து கவ்வியது. விழுங்க நேரமாயிற்று. தொண்டைக்குக் கீழே ஒரு புடைப்பு மெதுவாக நகர்ந்து போனது. அதைப் போனில் எடுத்தான். அவளுக்கு அனுப்பவில்லை. அழித்தான்.

இரண்டு நாள் அசைக்காமல் விட்டு, செரித்தது என்று தெரிந்ததும் பெட்டியை வைத்தியசாலையில் கொண்டுபோய்க் கொடுத்தான். அல் ஐன் ஊரில் அனுமதி வைத்திருக்கும் ஒரு டீச்சர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தக்ஷாயினி படிவத்தை நிரப்பினாள்.

"பேர் ஏதும் வச்சனீங்களா அண்ணா?"

"இல்லீங்க."

"சும்மா ஒண்டு சொல்லுங்கோவன். எழுத வேணும்."

அவன் வெகுநேரம் யோசித்தான். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன கண்டாளோ, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "பரவாயில்லை, நான் பாக்கிறன்," என்றாள்.

அங்கிருந்து நேராக கம்பெனி ஆபீசுக்குப் போனான். வெயில் சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னால் லீவு வேண்டும் என்றான். வழக்கம்போல ஃபோர்மேன் இழுத்தார். இந்த முறை சுரேஷ் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தான்.

சரசு ஐந்தாம் நாள்தான் போனை எடுத்தாள். ஃபேன் தெரிந்தது. அவன் மார்ச் ஒன்பது என்று சொன்னான். அவள் "ம்" என்றாள்.

"சரசு, மொத நாள்லேருந்து சொல்லு."

"எதை?"

"எல்லாத்தையும். எவ்வளவு சூடு, எத்தனை மில்லி. எப்படிப் படுத்திருந்தா. எல்லாத்தையும்."

ரொம்ப நேரம் ஃபேன் சுற்றியது. பிறகு அவள் குரல் மட்டும் வந்தது. "மொத நாளு எங்கிட்டக் காட்டல..."

சொல்லி முடிக்கப் பல சாயங்காலம் ஆயிற்று. சில சமயம் குழந்தையின் ஒரு நாளில் பாதியைச் சொன்னதோடு நிறுத்திவிடுவாள். சில நாள் கூப்பிட வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிடுவாள். குழந்தை ஒரு கையை எப்போதும் காதருகே வைத்துக்கொண்டிருக்கும் என்றாள். பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அம்மா இவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள் என்றாள். பதினேழாம் நாள் கங்காரு மாதிரி நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு சாயங்காலம் வேண்டியிருந்தது. சுரேஷ் கேட்டுக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அடக்கிக்கொண்டான். கேட்டால் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாளோ என்றிருந்தது.

மார்ச்சில் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அண்ணன்தான் வந்தார். வீட்டு வாசலில் சரசு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாள். சோறு போட்டாள். எதிரே உட்காராமல் அடுப்படியிலேயே நின்றாள். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன், "வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஏரிக்கரைக்குக் கீழே மேட்டு நிலம். சின்னக் குழந்தைகளை அங்கேதான் புதைப்பார்கள். பொம்பளைகள் அன்றைக்கு வரக் கூடாது என்று அவளை விடவில்லை. பிறகு ஒரு நாள் கெஞ்சிக் கேட்டு, அண்ணன் கரைமேல் நின்று கையைக் காட்டியிருந்தார்: அந்த ஆவாரஞ்செடி ஓரம்.

அவள் நின்றாள். "நான் பாத்தப்ப ஒரு செடிதான் இருந்துச்சு. ஐப்பசி மழைக்கப்பறம் வந்தா ரெண்டு நிக்குது. கரையும் சரிஞ்சிருக்கு. எதுன்னு தெரியல."

"அண்ணனைக் கேட்டியா?"

"கேட்டேன். அவருக்கும் சரியா நெனப்பில்லையாம். கல்லு ஒண்ணு வைக்கணும்னு யாருக்கும் தோணல."

இரண்டு செடிக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். இரண்டிலும் மஞ்சள் பூ இருந்தது. சுரேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றான். குனிந்து மண்ணைப் பார்த்தான். பிறகு அடுத்த செடிக்குப் போய் அங்கேயும் அதே நேரம் நின்றான். சரசு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கரைமேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "வெயில் ஏறுது, வாங்க," என்றாள்.

அந்த லீவில் இன்னும் நான்கு தடவை அங்கே போனார்கள். இடம் எது என்று கடைசி வரை தெரியவில்லை.